ஏழாம் முடக்குச் சாமி

மலையில் நேராக ஏறுகிறவனுக்கு முன்யோசனை கிடையாது. இதை நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். பெரிய பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்களிடமும் சொல்லியிருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. ஆனால் குற்றாலத்துக்கு மேலே இருக்கிற தோட்டங்களில், கிராம்போ மங்குஸ்தானோ, எதற்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மூச்சு வாங்காமல் ஏறி முடித்தீர்கள் என்றால் அந்தப் பாதை நான் போட்டது. மூச்சு வாங்கினால் வேறு யாரோ போட்டது.

வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் திரும்புகிற இடத்தை பஸ்காரர்கள் கொண்டை ஊசி வளைவு என்பார்கள். நாங்கள் முடக்கு என்போம். முடக்குப் போடுவது சாதாரண விஷயம் இல்லை. உள்பக்கம் மலையை வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் கல்லை அடுக்கிக் கட்ட வேண்டும். வெட்டின மண் கட்டின கல்லுக்குப் பின்னால் போய் நிரம்ப வேண்டும். மழைத் தண்ணீர் பாதை வழியே ஓடாமல் ஓரத்தில் வழிந்து போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ் முடக்கில் நிற்கிறவன் கண்ணில் மேல் முடக்கு படக் கூடாது. பட்டால் குறுக்கே ஏறிவிடுவான். மனுஷப் பிறவி அப்படி.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து வயசில் தோட்டத்திலிருந்து கிராம்பு மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கினேன். சரிவு சரியில்லாத இடத்தைக் கழுத்து சொல்லிவிடும். பிற்பாடு டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கவும் பழகிக்கொண்டேன். டியூப் ஒன்று சொல்லி, என் கழுத்து ஒன்று சொன்னால், டியூபுக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேலகரத்துப் பக்கம் ஒரு பொத்தை இருக்கிறது. பொத்தை என்றால் மலை என்று சொல்லவும் முடியாது, பாறை என்று தள்ளவும் முடியாது. முள்ளும் கல்லுமாக ஒரு சின்ன மொட்டை மலை. அது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. உச்சியில் அந்தக் குடும்பத்துக் குலசாமி சாஸ்தா இருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வந்து ஏறிப் பொங்கல் வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் உத்திரத்துக்குத் தன் சாஸ்தாவைப் பார்க்காதவனை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வீட்டில் இரண்டு அண்ணன் தம்பிகள். மூத்தவர் ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். இளையவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அடுத்தடுத்த வீடு. நேரில் பேச்சுக் கிடையாது. போனில் வசவு மட்டும் உண்டு.

எல்லாம் பரிவட்டத்தால் வந்தது. உத்திரத்தன்று சாஸ்தாவுக்குச் சார்த்தின பட்டுத் துணியைப் பூசாரி எடுத்து வீட்டுக்கு மூத்தவர் தலையில் கட்டுவார். அதுதான் முதல் மரியாதை. ஆனால் மூத்தவர் தன் காலால் நடந்து ஏறி வந்திருக்க வேண்டும். நாற்காலியில் தூக்கி வரக் கூடாது. மூன்று உத்திரம் தொடர்ந்து வராமல் போனால் மரியாதை அடுத்த தம்பிக்குப் போய்விடும். பிறகு திரும்ப வராது. இன்ஸ்பெக்டருக்கு முட்டு ஆபரேஷன். இரண்டு உத்திரம் போகவில்லை. பொத்தையில் இருந்ததோ பாறையில் செதுக்கின பழைய படி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். டாக்டர், சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடங்கள், படி மட்டும் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு விட்டார். போனேன். பெரிய உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தார்.

"வே, எனக்குப் படி இல்லாத மலை வேணும்."

"மலையக் குறைக்க முடியாது சார். நீளத்தக் கூட்டித் தாரேன்."

"இந்தப் பங்குனிக்கு நான் மேல போயாகணும். இல்லன்னா அந்தப் பய தலையில கட்டிருவாங்க. அவன் அதக் கட்டிக்கிட்டு என் வாசல் வழியா நாலு தடவ போவான். அதப் பாக்கதுக்கு நான் உசிரோட இருக்கணுமா? சொல்லும்."

"சார், நான் போடுத பாதையில சுமை ஏத்துன கழுதகூட கண்ண மூடிக்கிட்டு ஏறிரும்."

கழுதை என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை என் கைக்கு வந்துவிட்டது.

எனக்குக் கையாள் ஒரே ஒரு கொத்தனார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாதி வாழ்க்கை கல் அடுக்கினவன். சாந்து இல்லாமல் வெறும் கல்லில் சுவர் கட்டுவான். அதில் யானை சாய்ந்தாலும் அசையாது. என்னை விட்டால் இந்த ஜில்லாவில் அவன்தான். பேச்சில் மலையாளம் கொஞ்சம் கலந்திருக்கும்.

இப்போது சரிவு எவ்வளவு வைப்பது என்ற கேள்வி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சரிவு உண்டு. இன்ஸ்பெக்டருடைய சரிவைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி செய்தேன். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தர மாட்டார்கள். அடிவாரத்தில் கயிறு பிடித்துத் தடம் குறித்து, அவரை அதில் நடக்கச் சொன்னேன். நடந்துகொண்டே தம்பிக்குப் போன் போட்டுத் திட்டச் சொன்னேன்.

"எதுக்கு வே?"

"எங்கன உங்க வசவு அந்து போகுதோ, அங்கன சரிவு கூடுதல்னு அர்த்தம் சார்."

அவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே! பட்டாளத்துல ரொட்டி சுட்ட பயலே! உனக்கு என்னலே பரிவட்டம்?"

அந்தப் பக்கமிருந்து உடனே வந்தது: "நான் ரொட்டி சுட்டேன். நீ ஸ்டேஷன்ல உக்காந்து ஓசி வட தின்ன. எது ஒசத்தி? சொல்லு!"

"உன் மூஞ்சிக்கு… உன் மூஞ்சிக்கு…"

"அண்ணாச்சி, நின்னு போச்சு!" என்று கொத்தனார் ஓடிப் போய் அந்த இடத்தில் ஒரு கம்பை அடித்தான்.

இப்படி ஒரு வாரம். கம்பு அடித்த இடத்தில் எல்லாம் தடத்தை நீட்டிச் சரிவைக் குறைத்தோம். கடைசியில் "உன் மூஞ்சிக்கு" என்று தொடங்கினால் சுபேதாருடைய கல்யாணம், வேலை, நடை, மீசை எல்லாம் முடிந்து, மறுபடி மூஞ்சிக்கே திரும்பி வருகிற வரையில் ஒரே மூச்சில் ஓடியது. அதுதான் சரிவு. அந்தச் சரிவில் கணக்குப் போட்டால் உச்சிக்குப் பதினோரு முடக்கு வந்தது. தன்னை வைத்துத்தான் மலைக்கு அளவு எடுக்கிறோம் என்று சுபேதாருக்குத் தெரியாது. அவரும் மனசாரத் திருப்பித் திட்டிக்கொண்டிருந்தார்.

குற்றாலத்துச் சாரல் சீசன் முடிந்ததும் கடப்பாரையைப் போட்டோம். ஐப்பசி மழைக்குள் பதினோரு முடக்கும் வெட்டி, கல் அடுக்கி முடித்தோம். மழை வந்தது. வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு கல் நகரவில்லை. தண்ணீர் ஒவ்வொரு இடத்திலும் நான் சொன்ன பக்கம்தான் வழிந்தது. தண்ணீர்கூட என் பேச்சைக் கேட்டது. மனுஷன்தான் கேட்கவில்லை.

மழை விட்டதும் ஊர்க்காரர்கள் பாதையைப் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள், பாராட்டினார்கள், குறுக்கே ஏறினார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஏறினார்கள். செல்பி எடுக்கிற பிள்ளைகள் ஏறினார்கள். எல்லாரையும் விட சுபேதார். தினமும் விடிந்ததும் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேர்கோடு போட்ட மாதிரி ஓடுவார். ஒவ்வொரு முடக்கின் விளிம்பிலும் ஒரு மிதி. விளிம்பு உதிர்ந்தால் கல் ஆடும். கல் ஆடினால் அடுத்த மழைக்குச் சுவர் போய்விடும்.

ஒரு நாள் மறித்து நின்றேன்.

"சார், முடக்குல சுத்திப் போங்க சார். விளிம்பு உதுருது."

"நான் பனிமலையில ஏறுனவன் வே. நீரு போட்டு வெச்சிருக்க கோலத்துல எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு நடக்க எனக்கு நேரமில்ல. எங்க அண்ணனுக்குக் கோலம் போட்டுக் குடுத்தீரு, சரி. அவன் ஏறுவான்னு நினைக்கீரா? மூணாவது முடக்குல உக்காந்துருவான்."

"ஏறுவாரு சார்."

"பந்தயமா?"

நான் பந்தயம் கட்டவில்லை. ஏறாமல் போனால் போகப் போவது என் பெயர். நாற்பது வருஷத்துப் பெயரை ஒருவர் முட்டுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தேன்.

குறுக்குத் தடத்தில் உடைமுள் வெட்டிப் போட்டேன். குளிர்காலம், எடுத்து அடுப்பெரித்துவிட்டார்கள். 'குறுக்கே ஏறாதீர்' என்று பலகை வைத்தேன். ஏறுகிறவர்கள் அதில் துண்டைக் காயப் போட்டார்கள். பெரிய பாறையை உருட்டி வைத்தேன். ஏறிக் களைத்தவர்கள் உட்கார நல்ல இடமாகப் போய்விட்டது. அதில் உட்கார்ந்து என் முடக்கைப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. நேர் தடம் ஏழாவது முடக்கின் மூக்கை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். மற்ற இடம் எல்லாம் வழுக்குப் பாறை. அங்கே ஒரு நீளக் கல்லை நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டால்? எங்கள் ஊரில் முள்ளைத் தாண்டுவான், சுவரைத் தாண்டுவான், ரயில்வே கேட்டைத் தாண்டுவான். மஞ்சள் பூசின கல்லைத் தாண்ட மாட்டான்.

கொத்தனார்தான் கல்லைத் தோளில் தூக்கி வந்தான். அவன்தான் குழி தோண்டி நட்டான். மஞ்சளும் அவன்தான் குழைத்தான்.

"கொஞ்சம் அதிகமாப் பூசுலே, கீழேருந்து தெரியணும்."

"மதி, போதும் அண்ணாச்சி. கூடுதலாப் பூசுனா சாமி இல்ல, விளம்பரம் மாதிரி ஆயிரும்."

மூன்று நாள் ஒருவரும் குறுக்கே ஏறவில்லை. சுபேதார்கூட கல்லுக்கு முன்னால் வந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, பூட்ஸைக் கழற்றலாமா என்று யோசித்துத் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நாலாவது நாள் கல்லுக்கு முன்னால் ஒரு முழம் பிச்சிப்பூ இருந்தது. ஐந்தாவது நாள் சூடம். அடுத்த வாரம் மணி கட்டியிருந்தது. ஆலங்குளத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறாள், வருஷக்கணக்காக முட்டுவலி, இந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவி, அதே எண்ணெயை முட்டில் தடவியிருக்கிறாள், வலி போயிற்றாம். நடந்து நடந்து இரத்தம் ஓடியிருக்கும். அதுவும் நான் போட்ட சரிவில் நடந்தால் ஓடாமல் என்ன செய்யும்! ஆனால் பெயர் கல்லுக்குப் போய்விட்டது. முட்டுவலிச் சாமி என்று ஊரெல்லாம் பேச்சு.

அதோடு விட்டால் பரவாயில்லை. சாமிக்கு நேராகத்தான் ஏறிப் போக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முட்டுவலிக்காரர்கள் பாதையில் சுற்றிப் போகாமல், முட்டைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, நேர் தடத்தில் ஏறினார்கள். முனகினால் பலன் அதிகமாம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களை ஆட்டோக்காரர்கள் ஈரத் தலையோடு கொண்டுவந்து இறக்கினார்கள். ஒற்றையடியாக இருந்த குறுக்குத் தடம் மாசி மாதத்துக்குள் வண்டிப் பாதை அகலத்துக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் நான் போட்ட பாதைகளில் இவ்வளவு கூட்டம் வந்தது இதற்குத்தான். அதையும் நான்தான் போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் சொல்லும் நிலைமையில் இல்லை.

மாசிக் கடைசியில் திடீரென்று ஒரு மழை. தண்ணீர் அந்த நேர் தடத்தில் வாய்க்கால் போலப் பாய்ந்து ஆறாவது முடக்கின் சுவரில் மோதியது. சுவர் வாயைத் திறந்துவிட்டது. உத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த இடத்தைத் தாண்ட வேண்டுமானால் ஒருவர் காலை இடுப்பளவு தூக்கி வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டரால் அது நடக்காது.

கல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். விடியற்காலையில் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் இரண்டு பெண்கள் வந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லத் தூக்குலே," என்று மெதுவாகச் சொன்னேன்.

கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டான். "என்னால ஆகாது அண்ணாச்சி."

"நீதானலே தூக்கிட்டு வந்து வெச்ச?"

"அப்போ அது கல்லு."

நானே குனிந்தேன். நான் தலையில் மூட்டை சுமந்தவன். அந்தக் கல் எனக்கு ஒரு பொருட்டு இல்லை. பிடித்தேன், இழுத்தேன். இடுப்பில் சுளுக்கென்று ஒரு பிடி. நிமிர முடியவில்லை. குனிந்த கோலத்தில் கல்லைக் கட்டிப் பிடித்தபடி நிற்கிறேன். பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன பாரு! மேஸ்திரி அண்ணாச்சி சாமியக் கட்டிப் பிடிச்சு அழுதாருடி!"

இன்னொருத்தி கொத்தனாரிடம் விஷயம் கேட்டாள். அந்தப் பாவி உள்ளதைச் சொல்லிவிட்டான். கல்லைப் பிடுங்கப் போனவன் இடுப்பைச் சாமி பிடித்துக்கொண்டது என்று பஸ் தென்காசி போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நான் நாலு நாள் படுக்கையில் கிடந்தேன். கூட்டம் இரண்டு மடங்காகியது.

படுத்துக் கிடந்தாலும் என் மூளை படுக்காது. கொத்தனாரைக் கூப்பிட்டு, "ஆறாவது முடக்குச் சுவர்தான் சாமிக்கு அஸ்திவாரம், அது போச்சுன்னா சாமி சரிஞ்சிரும்னு அங்கன சொல்லு," என்றேன். மறுநாள் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று கல் கை மாற்றினார்கள். முட்டுவலிக்காரர்கள்தான் முன்வரிசை. எட்டு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. மேலே தண்ணீர் திரும்ப ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள். நான் கட்டிலில் படுத்தபடியே கட்டின ஒரே சுவர் அது. இன்றைக்கும் நிற்கிறது.

உத்திரம் வந்தது. காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வெள்ளை வேட்டியில் அடிவாரத்தில் வந்து நின்றார். பக்கத்தில் நான், இடுப்பில் பெல்ட்டோடு. பூசாரி பட்டுத் துணியும் தாம்பாளமுமாகக் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டார். சாஸ்தாவுக்குச் சார்த்தி எடுத்துக் கட்ட வேண்டுமே. சுபேதார் விடிவதற்கு முன்பே நேராக ஏறி உச்சியில் நிற்பதாகத் தகவல்.

இன்ஸ்பெக்டர் ஒரு காலை எடுத்து வைத்தார். போனை எடுத்தார்.

"ஏலே!"

"வந்துட்டியா? எத்தனையாவது முடக்குல உக்காரப் போற?"

முதல் முடக்கு, இரண்டு, மூன்று. மூன்றில் அவர் உட்காரவில்லை. வசவு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. ஐந்தாவதில் வேர்வை. புதிதாகக் கட்டின ஆறாவதில் கால் பதியும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுபேதாருடைய மீசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டார்.

ஏழாவதில் வழியே இல்லை. ஒரே கூட்டம். நடுவில் கல்லுக்கு முன்னால் என் கொத்தனார் சாமியாடிக்கொண்டிருந்தான். முடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, ஒரு குதி குதித்தான்.

"எந்தா இது! எந்தா! எல்லாவனும் என்னத் தாண்டித் தாண்டிப் போறீங்களே! எனக்கு எங்க மரியாத?"

"சாமி மலையாளத்துலேர்ந்து வந்திருக்கு," என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாஸ்தாவும் மலையாளக் கரையிலிருந்துதானே வந்தவர்! எல்லாருக்கும் பொருந்திவிட்டது.

பூசாரி பாவம், தாம்பாளத்தோடு நடுவில் மாட்டிக்கொண்டார். கொத்தனார் அவர் முன்னால் ஒரு குதி குதித்ததும், பட்டுத் துணியை எடுத்து மடமடவென்று அந்தக் கல்லுக்குக் கட்டிவிட்டார். அப்போது இன்ஸ்பெக்டர் தலை கண்ணில் பட்டதோ இல்லையோ, தப்பித்தோம் என்று அந்தத் துணியையே அவிழ்த்து, "மூத்தவரு நடந்து வந்துட்டாரு! சாமி கட்டுன துணி!" என்று அவர் தலையில் கட்டிவிட்டார். குலவை போட்டார்கள். கொத்தனார் தடாலென்று கீழே விழுந்து, எழுந்து, தண்ணீர் கேட்டான்.

அவனைத் தனியே இழுத்துக் கேட்டேன். "உனக்கு எப்பிடிலே வரும் அது? நீயே தூக்கி வெச்ச கல்லு!"

"அதனாலதான் அண்ணாச்சி. அதுக்கு என்னத்தான தெரியும்? தெரியாதவன் மேல எப்பிடி வரும்?"

நான் தண்ணீர்ச் செம்பை அவன் கையில் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் தலைத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சார், கெடைச்சாச்சுல்லா, இறங்குவோமா?" என்றேன். என் இடுப்பு வலித்தது.

"மீதி நாலு யாருக்கு வே போட்டீரு?" என்று நடக்கத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் முழுக்க கல்லோடு தங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேர்தான். போனுக்கு அங்கே டவர் கிடைக்கவில்லை. ஆனால் எட்டாவது முடக்கிலிருந்து உச்சி தெரியும். அங்கே சுபேதார் மாலையும் கையுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் போனைப் பையில் போட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்து நேராகவே ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை போன் இல்லாமல். எட்டு, ஒன்பது, பத்து. பாறை எல்லாம் எதிரொலித்தது. மேலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

பதினொன்று முடிந்து சாஸ்தா முன்னால் போய் நின்றோம். பூசாரி இல்லை, கூட்டம் இல்லை. பொங்கல் வைக்க அடுக்கின அடுப்புக் கல் மட்டும் இருந்தது.

சுபேதார் அண்ணன் தலையைப் பார்த்தார். "அது செல்லாது."

"ஏம்லே செல்லாது?"

"சாஸ்தா இங்கன இருக்காரு. நீ அங்கன எவன்கிட்டயோ கட்டிக்கிட்டு வந்திருக்க. அந்தக் கல்லு சாமியா? தைக்கு முன்னால அது அங்கன கிடையாது. நான் தெனம் ஓடுதவன், எனக்குத் தெரியாதா?" என் பக்கம் திரும்பினார். "வே மேஸ்திரி. சாஸ்தா முன்னால நிக்கீரு. அந்தக் கல்ல யாரு வெச்சா?"

இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சாமி வைத்தது என்று சொன்னால் போதும். அவர் மரியாதை அவருக்கு, என் பெயர் எனக்கு. வாயைத் திறந்தேன். ஆனால் நான் செய்த வேலையை இன்னொருத்தர் செய்ததாக என் வாயால் நான் ஒரு நாளும் சொன்னது கிடையாது.

"நான்தான் வெச்சேன்."

எதற்காக வைத்தேன் என்பதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவோ பேரிடம் வாக்குமூலம் வாங்கின மனுஷர். பிறகு தலைத் துணியை அவிழ்த்தார். மடித்தார். சாஸ்தா காலடியில் வைத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து முட்டைத் தடவினார்.

சுபேதார் மாலையைக் கை மாற்றிக்கொண்டார்.

"மேல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்பிடிப் போற. அப்பிடிப் போற. மறுபடி இப்பிடிப் போற. அரை மணி நேரம்! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிட்டு." பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். "ஒரு எடத்துல உக்காருவன்னு பாத்தேன்."

"உக்காரலலே."

"அதான் சொல்லுதேன்."

அவர் பூட்ஸைக் கழற்றினார். துணியை எடுத்துச் சாஸ்தாவுக்குச் சார்த்தினார். சூடம் ஏற்றப் பூசாரி இல்லாததால் என் தீப்பெட்டியை வாங்கி அவரே ஏற்றினார். பிறகு துணியை எடுத்து அண்ணன் தலையில் கட்டினார். பட்டாளத்து முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுத்தார்களாம்.

"வலிக்குதுலே."

"இருக்கட்டும்."

அன்றைக்கு இறங்கும்போது சுபேதார் முதல் தடவையாக முடக்குகளில் சுற்றி நடந்து வந்தார், அண்ணனுக்கு ஒரு அடி முன்னால். ஏழாவதில் கூட்டம் இரண்டு பேர் கையிலும் பொங்கலைக் கொடுத்துக் கல்லைச் சுற்ற வைத்துத்தான் விட்டது. இரண்டு பேரும் என்னை முறைத்துக்கொண்டே சுற்றினார்கள். அந்தக் கல்லுக்கு இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நான்தான் வைத்தேன் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். "உங்கள விட்டா வேற யாரச் சாமி அனுப்பும் அண்ணாச்சி" என்கிறார்கள். அது உண்மைதான்.

மறுநாள் காலையிலேயே இன்ஸ்பெக்டர் போன் போட்டார்.

"வே, உம்ம பாதையில ஒரு குத்தம் இருக்கு. நேத்து இறங்கும்போது நாலாவது முடக்குல எனக்கு வசவு அந்துட்டு. அதுக்கப்புறம் அடிவாரம் வரைக்கும் வரவே இல்ல. அந்தப் பய முன்னாலதான் போறான், ஒரு வார்த்த வரல. சரிவு கூடிருக்கும். வந்து பாரும்."

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கொத்தனாரையும் டியூபையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலாவது முடக்கில் மேலிருந்து கீழ் வரை அடிக்கு அடி மட்டம் பார்த்தோம். காற்று புகுந்திருக்குமோ என்று தண்ணீரை மாற்றி ஊற்றியும் பார்த்தோம். சரிவு ஒரு விரல்கூடக் கூடவில்லை. என் பாதையில் குற்றம் எதுவும் கிடையாது.